ஒரு படம், நாலு பிரிண்ட்: பழைய சினிமாவை எப்படித் திரும்பச் சேர்க்கிறார்கள்?

பழைய படம் ஒன்று மறுபடி தியேட்டருக்கு வந்தால் போஸ்டரில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். கோடுகளைத் துடைத்து, இரைச்சலைக் குறைத்து, பளிச்சென்று ஆக்கியிருப்பார்கள் என்று நம்பி நாமும் டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் துடைப்பதற்கு முதலில் முழுப் படம் கையில் இருக்க வேண்டுமே? அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய படம் பல சமயம் ஒரே இடத்தில் முழுசாகக் கிடைப்பதில்லை. ஒரு பிரிண்டில் முதல் பாதி நன்றாக இருக்கும். இன்னொன்றில் கிளைமாக்ஸ் இருக்கும், ஒலி தேய்ந்திருக்கும். மூன்றாவது, டிவிக்காக வெட்டிய டேப். இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படத்தைத் திரும்பச் சேர்ப்பது தனி வேலை. அதற்கு யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

நீலகிரிக்காரர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவு அந்நியமானதல்ல. ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், நம் ஊர்ப் பேச்சில் எச்.பி.எஃப்., 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம். பிரான்ஸின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. அதுவரை இந்திய சினிமா ஓடியது முழுக்க இறக்குமதி ஃபிலிமில். தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால்தான் ஆலையை இந்த மலையில் வைத்தார்கள். இன்று அது மூடிக் கிடக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டில் கேட்டால் ஃபிலிம் என்றால் என்ன என்பதை இரண்டே வரியில் சொல்லிவிடுவார்கள்: ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் ஜெலட்டின் பூச்சு, பூச்சுக்குள் வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளி கறுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கிற முகம் வெள்ளித் துகள்தான். அந்த வெள்ளிக்காகவே ஓடி முடிந்த பிரிண்டுகளை உருக்கிவிட்டார்கள் என்பது இந்தக் கதையின் சோகமான பகுதி. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை.

சரி, பிரதி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் தலைமுறைகள் உண்டு. கேமராவுக்குள் ஓடிய ஃபிலிம் மூல நெகட்டிவ். எடிட்டர் அதை வெட்டி ஒட்டி முடித்தபின் அதுதான் குடும்பத்துக்கே தாய். அதிலிருந்து நுண்மணிகள் கொண்ட ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதாவது டூப் நெகட்டிவ். தியேட்டருக்குப் பெட்டியில் போகிற பிரிண்ட் இந்த வரிசையின் கடைசிப் பேரன். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் கூர்மை கொஞ்சம் போகும், கறுப்பு இன்னும் கறுக்கும், வெளுப்பு இன்னும் வெளுக்கும். பாட்டியின் கீறல் பேத்தி முகத்திலும் இருக்கும், ஏனென்றால் கீறலையும் சேர்த்துத்தான் படம் பிடிக்கிறோம். ஆகவே ஒரு பிரிண்ட் கையில் கிடைத்தால் நிபுணர் கேட்கிற முதல் கேள்வி ‘இது யார் பிள்ளை?’ என்பதுதான். பார்க்கப் பளபளவென்று இருக்கிறதா என்பது பிறகு.

தலைமுறை ஒன்றே வேறுபாட்டுக்குக் காரணம் என்றால் வேலை சுலபம். மூத்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். ஆனால் பிரிண்டுகள் வெளியே போய் வாழ்கின்றன. சென்னையில், கோவையில் ஓடித் தேய்ந்தபின்தான் அந்தக் காலத்தில் பெட்டி மலை ஏறும். இங்கே வந்து சேரும்போது திரையில் கீறல் ‘மழை’ பெய்துகொண்டிருக்கும். நான் பேசிய பழைய ஆபரேட்டர் ஒருவர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: “செகண்ட் ஷோ முடியறதுக்குள்ள எஸ்டேட் பஸ் போயிடும் தம்பி. ரெண்டு பாட்டை நறுக்கிட்டுத்தான் ஓட்டுவோம். நறுக்கினதைத் திரும்ப ஒட்டித்தான் பெட்டியை அனுப்பணும், எல்லாரும் ஒட்டினாங்களான்னு கேட்காதீங்க.” தணிக்கையில் போனது தனி, வெளியான பிறகு நீளம் அதிகம் என்று தயாரிப்பாளரே குறைத்தது தனி. தனியாக எடுத்துச் சேர்த்த காமெடி டிராக், சேர்த்த வேகத்திலேயே கழன்றும் போகும். எஸ்டேட்டுகளுக்கும் பள்ளிகளுக்கும் 16 எம்.எம். அகல ஃபிலிமில் சின்னதாக எடுத்த பிரிண்ட் இன்னொரு கிளை.

நம் ஆட்களுக்கு இந்த வேலையின் தர்க்கம் புதிதல்ல. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர் ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது மூலத்துக்குக் கிட்டே இருக்கிறது என்று வரிக்கு வரி முடிவெடுத்தார். பாடபேதங்களை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கீழே குறித்தும் வைத்தார். படம் சேர்க்கிறவரும் ஷாட்டுக்கு ஷாட் அதைத்தான் செய்கிறார். ஒரு இடத்தில் மட்டும் ஒப்புமை உதவாது. ஏடெழுதுகிறவர் கைதவறிச் சொல்லை மாற்றிவிடலாம், ஆனால் நன்றாகப் படியெடுத்த ஏட்டில் சொல் மங்குவதில்லை. ஃபிலிமில் தலைகீழ். யாரும் ஒரு ஃபிரேமைத் தப்பாக ‘எழுத’ முடியாது, ஆனால் ஒவ்வொரு படியிலும் முகம் மங்கிக்கொண்டே வரும். அதனால் முழுமையான பிரதி ஒன்றாகவும் தெளிவான பிரதி வேறொன்றாகவும் இருப்பது இங்கே அன்றாடம். இந்த வேலையின் மொத்தச் சிக்கலும் அந்த இழுபறிதான்.

கற்பனையாக ஒரு படத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். 1955-இல் வந்த கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம். தணிக்கைச் சான்றிதழில் நீளம் 16,200 அடி. தியேட்டரில் ஓடும் 35 எம்.எம். அகல ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், விநாடிக்கு 24 ஃபிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. கணக்குப் போட்டால் சரியாக மூன்று மணி நேரம். இது நம் அளவுகோல்.

கிடைத்தவை நாலு. முதலாவது, தியேட்டரில் ஓடிய 35 எம்.எம். பிரிண்ட், 15,300 அடி, அதாவது 170 நிமிடம். படம் தெளிவு, ஆனால் ஒரு பாட்டு இல்லை, ரீல்களின் முனைகள் எல்லாம் பிய்ந்திருக்கின்றன. இரண்டாவது, எஸ்டேட் லைன் பக்கத்து மைதானத்தில் திரை கட்டிக் காட்டிய 16 எம்.எம். பிரிண்ட், 175 நிமிடம். பாட்டு இருக்கிறது. ஆனால் அதன் ஃபிரேம் பரப்பு பெரியதில் கால் பங்குக்கும் குறைவு, முகங்கள் மெத்தென்று இருக்கும். மூன்றாவது, டூப் நெகட்டிவ். நாலிலும் இதுதான் கூர்மை, ஆனால் மொத்த ரீல்களில் ஏழுதான் மிச்சம். நாலாவது, டிவியில் போட்ட டேப், 150 நிமிடம். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. நம் நாட்டு டிவி விநாடிக்கு 25 ஃபிரேம், படமோ 24. டிவிக்காக மாற்றும்போது படம் கொஞ்சம் வேகமாக ஓடிவிடுகிறது, பாட்டின் சுருதியும் ஒரு நூல் ஏறும். டேப்பின் 150 நிமிடம் தியேட்டர் கணக்கில் 156 நிமிடம். இது தெரியாமல் ஒப்பிட்டால் வெட்டாத காட்சியையும் வெட்டியதாக எழுதிவைப்போம்.

முதலில் கணினி கிடையாது, பேரேடுதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, நாலு பிரதியிலும் அது இருக்கிறதா, இருந்தால் எத்தனை ஃபிரேம், எங்கே கீறல், எங்கே ஒட்டு என்று வரிசையாக எழுதுவார்கள். ஆயிரம் ஷாட் உள்ள படத்துக்கு ஆயிரம் வரி. பார்ப்பதற்கு கணக்குப்பிள்ளை வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் துப்பு எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

ஒரே ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆறாம் ரீலின் கடைசி ஷாட். தியேட்டர் பிரிண்டில் அது 40 ஃபிரேமில் சட்டென்று நின்றுவிடுகிறது. இயக்குநரே அப்படி வெட்டினாரா, பிய்ந்து போனதா? பழைய படங்களில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும், பார்த்திருப்பீர்கள். ஆபரேட்டர் அடுத்த புரொஜக்டரின் மோட்டாரைப் போட வேண்டும் என்பதற்கான குறி அது. ரீல் முடிவதற்கு ஏறத்தாழ 8 விநாடி முன்னால் வரும். இன்னொரு புள்ளி 1 விநாடி முன்னால் வரும், அப்போது படத்தை மாற்றிவிட வேண்டும். நம் பிரிண்டில் முதல் புள்ளி இருக்கிறது, இரண்டாவது இல்லை. முதல் புள்ளியிலிருந்து ரீல் முடிவு வரை 8 விநாடி, அதாவது 192 ஃபிரேம் இருக்க வேண்டும். எண்ணினால் 100தான். ஆக 92 ஃபிரேம் தொலைந்திருக்கிறது. இப்போது 16 எம்.எம். பிரிண்டைப் பார்க்கிறோம். அதில் அதே ஷாட் 132 ஃபிரேம். நாற்பதும் தொண்ணூற்றிரண்டும் நூற்று முப்பத்திரண்டு. கணக்கு உட்கார்ந்துவிட்டது. புள்ளிகள் எல்லாப் பிரிண்டிலும் ஃபிரேம் சுத்தமாக விழுவதில்லை. ஐந்தாறு ஃபிரேம் தள்ளி வந்திருந்தாலும் முடிவு இதுவேதான்.

16 எம்.எம்.மில் மட்டும் அந்த இடம் ஏன் பிழைத்தது? பெரிய ஃபிலிமின் ஒரு ரீல் 11 நிமிடம்தான். 16 எம்.எம்.மின் பெரிய சுருள் ஒன்றில் அப்படி நாலு ரீல் அடங்கும். தியேட்டர் பிரிண்டில் கைபட்டுக் கைபட்டுப் பிய்கிற முனை, சின்னப் பிரிண்டில் சுருளின் நடுவில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஏழைப் பிரிண்ட் என்று யாரும் மதிக்காதது பல சமயம் இப்படித்தான் கைகொடுக்கிறது.

ஒலியில் இன்னொரு வேடிக்கை. பிரிண்டின் ஓரத்தில் கோடாக ஓடும் ஒலி, அதற்குரிய படத்துக்கு நேராக இருக்காது. ஏறத்தாழ 20 ஃபிரேம் முன்னாலேயே பதிந்திருக்கும், ஏனென்றால் புரொஜக்டரில் படம் தெரிகிற வாசல் வேறு, ஒலி படிக்கிற இடம் வேறு. அதனால் கிழிந்த துண்டை ஆபரேட்டர் வெட்டிப் போட்டால், போன படத்துக்கு ஒலி மிஞ்சும், அடுத்து முக்கால் விநாடி கழித்து வரும் உதட்டசைவுக்கு ஒலி இருக்காது. வசனம் ஒரு சொல் விழுங்கின மாதிரி இருக்கும் இடங்களில் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு ஒட்டு இருக்கும். சேர்க்கும்போது படத்தை ஒரு பிரதியிலிருந்தும் ஒலியை வேறொன்றிலிருந்தும் எடுப்பது இதனால்தான் சகஜம். நம் கற்பனைப் படத்தில் டேப்பின் படம் எதற்கும் உதவாது, ஒலி உதவும், வேகத்தை மட்டும் இறக்கிக்கொண்டால்.

பேரேட்டில் ஓட்டை விழுந்த இடங்களுக்குக் காகிதம் சாட்சி சொல்ல வேண்டும். நமக்கு வாய்த்த பெரிய சாட்சி பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற அந்தக் காகிதங்களில் கதைச் சுருக்கமும் எல்லாப் பாட்டும் வரிசையாக இருக்கும். எந்தப் பாட்டு எந்தப் பாட்டுக்குப் பின்னால் என்பது அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, புத்தகம் அச்சான பிறகு பாட்டைத் தூக்கியிருக்கலாம். தணிக்கைச் சான்றிதழின் நீளமும் ரீல் எண்ணிக்கையும் அடுத்த சாட்சி. வெட்டு விழுந்த படமென்றால் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் வெட்டின விவரமே இருக்கும். காலத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஃபிலிம் தட்டுப்பாட்டால் அரசு படங்களின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டிப்போட்டது. அது இரண்டு மணி நேரம்தான். 1944-இல் வந்த ஒரு படம் அந்த அளவில் கிடைத்தால் ‘ஐயோ பாதியைக் காணோம்’ என்று அலற வேண்டியதில்லை.

உலகத்தில் இதற்கு எல்லாரும் சொல்கிற உதாரணம் ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் மௌனப் படம் ‘மெட்ரோபோலிஸ்’. 1927 ஜனவரியில் பெர்லினில் முதல் காட்சியில் ஓடியது 4,189 மீட்டர். சில மாதங்களிலேயே வெட்டினார்கள், அமெரிக்காவுக்கு வேறு மாதிரி வெட்டினார்கள், வெட்டினது காணாமல் போனது. அது மட்டுமில்லை, அந்தக் காலத்தில் ஏற்றுமதிக்காக ஒன்றுக்கு மேற்பட்ட நெகட்டிவ் தயாரித்தார்கள். பக்கத்துக் கேமராவில் எடுத்தது, அல்லது வேறு டேக். அதனால் இரண்டு நாட்டுப் பிரிண்டில் ‘ஒரே’ ஷாட் என்று நினைப்பது உண்மையில் இரண்டு ஷாட்டாக இருக்கும். 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்.எம். பிரதி கிடைத்தது. படு மோசமான கீறல், ஆனால் எண்பது வருடமாக யாரும் பார்க்காத சுமார் 25 நிமிடம் அதில் இருந்தது. எந்தத் துண்டு எங்கே போக வேண்டும்? படத்துக்கு இசையமைத்த ஹூப்பர்ட்ஸின் இசைக்குறிப்பு இருந்தது. வாத்தியக்காரர்கள் படத்தோடு ஒத்துப்போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிக் குறிப்புகளை அவர் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு அடுக்கினார்கள். 2010 பிப்ரவரியில் பெர்லினில் காட்டினார்கள்.

அந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. 16 எம்.எம்.முக்கு மாற்றியபோது ஓரத்தில் கொஞ்சம் படம் வெட்டுப்பட்டிருந்தது. அதை இழுத்துப் பெரிதாக்கி மறைக்காமல், அந்த இடத்தில் கறுப்புப் பட்டை விட்டுவிட்டார்கள். கீறலும் முழுசாகப் போகவில்லை. எது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கிறவருக்கே தெரிகிறது. எங்குமே கிடைக்காத காட்சிக்கு எழுத்து அட்டை போட்டுக் கதையைச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு செயற்கை நுண்ணறிவை வைத்து இல்லாத ஃபிரேமையும் வரைந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். வரைந்தால் அது இன்றைய படம், பழைய படத்தின் மீட்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

நம் நாட்டுக் கதை ஒன்று இன்னும் நெஞ்சைப் பிசையும். சத்யஜித் ராயின் அப்பு மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு லேப் தீ விபத்தில் சிக்கின. கருகி, ஒட்டிக்கொண்டு, உடையக்கூடிய நிலை. குப்பைக்குப் போயிருக்க வேண்டியதை, ஆஸ்கர் விருது தரும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் எடுத்து வைத்தது. பிறகு இத்தாலியின் பொலோன்யாவில் ஈரப்பதம் ஏற்றி, பிரித்து, ஓரத்துத் துளைகளைக் கையால் ஒட்டி ஒட்டிச் சரிசெய்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் எரிந்த மூலத்திலிருந்தே மீண்டன. மிச்சத்தை வேறு காப்பகங்களில் இருந்த டூப் நெகட்டிவ், பாசிட்டிவ்களிலிருந்து நிரப்பினார்கள். ‘அபூர் சன்சார்’ மூலத்தில் பயன்படுகிற மாதிரி ஒன்றும் மிஞ்சவில்லை. 2015-இல் திரைக்கு வந்தது இப்படிச் சேர்த்த பிரதிதான்.

எந்த வடிவம் ‘அசல்’ என்ற கேள்வியை இதுவரை தள்ளிப்போட்டே வந்தேன். அதற்கு ஒரே பதில் கிடையாது. ‘ஷோலே’யில் தாகூரே கப்பர் சிங்கைக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். தணிக்கையினால் 1975-இல் போலீஸ் வந்து தடுக்கும் முடிவோடு வெளியிட்டார்கள். 2025 ஜூனில் பொலோன்யாவில் காட்டிய மீட்புப் பதிப்பில் முதல் முடிவு திரும்பி வந்தது. இயக்குநர் நினைத்தது ஒன்று, கோடிக்கணக்கானவர்கள் ஐம்பது வருடம் பார்த்து மனப்பாடம் செய்தது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டையும் தனித்தனியாகப் பாதுகாக்க வேண்டும். செய்யக் கூடாதது, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்து ஒருநாளும் எந்தத் தியேட்டரிலும் ஓடாத மூன்றாவது படம் ஒன்றைச் செய்து, அதற்கு ‘முழுப் பதிப்பு’ என்று பேர் வைப்பது. நீளம் அதிகமானால் அசலுக்குக் கிட்டே போய்விட்டோம் என்ற எண்ணம் ரசிகர்களுக்கு உண்டு. இயக்குநர் வேண்டாம் என்று தானே எடுத்தெறிந்த காட்சியும் நீளத்தைக் கூட்டும்தான். அதேபோல ‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் தமிழிலும் அதே டிசம்பரில் இந்தியிலும் வந்தது என்பதற்காக, இந்தி நெகட்டிவிலிருந்து ஷாட் எடுத்துத் தமிழில் ஒட்டிவிட முடியாது. அண்ணன் தம்பி வேறு, ஒருவனே இரண்டு சட்டை போட்டுக்கொள்வது வேறு.

தேர்ந்தெடுத்து அடுக்கியபின்தான் நமக்குத் தெரிந்த துடைப்பு வேலை. ஒவ்வொரு துண்டின் கறுப்பையும் வெளுப்பையும் பக்கத்துத் துண்டோடு ஒத்துப்போகச் செய்வார்கள். கலர்ப் பிரிண்டாக இருந்தால் மற்றச் சாயங்கள் வெளுத்து, படமே சிவந்து போயிருக்கும், அதைத் திருப்ப வேண்டும். இதில் அளவு தெரியாமல் போனால் ஃபிலிமின் மணிமணியான தன்மையே போய், முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக நம் மலை விஷயம். குளிர் ஃபிலிமுக்கு நல்லது, ஆகவே ஊட்டி, குன்னூரில் வைத்தால் கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் நல்லதுதான், ஈரம்தான் எமன். ஜெலட்டின் என்பது எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது, பூஞ்சைக்கு விருந்து. ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கமும் ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் சுவரே வியர்க்கும்போது அலமாரியில் இருக்கிற ஃபிலிம் என்ன செய்யும்? காப்பகங்கள் ஈரப்பதத்தை 30 முதல் 40 சதவீதத்தில் வைக்கப் பாடுபடுகின்றன. நம் மழைக்காலம் அதற்கு ரொம்ப தூரம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய எஸ்டேட் பங்களாவிலோ ஃபிலிம் டப்பா கிடைத்தால் புரொஜக்டரில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சுருங்கிய ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டினால் ஒரே ஓட்டத்தில் கிழியும். டப்பாவைக் காற்றோட்டமான இடத்தில் திறந்து மோந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை வந்தால் ஃபிலிமின் பிளாஸ்டிக் பட்டையான அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது, அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும், தனியாக வையுங்கள். 35 எம்.எம்.மாக, 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையதாக இருந்தால் அது எளிதில் தீப்பற்றும் பழைய வகைப் பட்டையான நைட்ரேட்டாக இருக்கலாம். அது பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும், அடுப்பு, பீடி, வெயில் எதுவும் கிட்டே வேண்டாம். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் அந்தப் பயம் குறைவு. டப்பா மேல் ஒட்டியிருக்கும் லேபிளையோ உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டையோ தூக்கிப் போடாதீர்கள். ரீல் எண், லேப் பெயர், தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். எண் போட்ட போட்டோ எடுத்துக்கொண்டு, 1964-இல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். படம் முழுசாக இல்லையே, மூன்று ரீல்தானே என்று தயங்க வேண்டாம். அவர்களிடம் இல்லாதது அந்த மூன்றாகவே இருக்கலாம்.